ஒரு திரைக்கதை, மூன்று கை

திரைக்கதையைச் சேர்ந்து எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே சீன் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருவர் ஓப்பனிங் சொல்வார், இன்னொருவர் இண்டர்வெல் சொல்வார், டீ வருவதற்குள் கிளைமாக்ஸ் வரை போய்விடும். அந்த உற்சாகம் வேண்டும்தான். ஆனால் அறையில் இருக்கும் எல்லோரும் தலையாட்டியது ஒரே படத்துக்குத்தானா என்பது அன்றைக்குத் தெரியாது. அறுபதாவது சீன் எழுதும்போதுதான் தெரியும். கிரெடிட் சண்டை, வசனச் சண்டை, "என் சீனை ஏன் தூக்கினீங்க" சண்டை எல்லாவற்றையும் பின்னோக்கித் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும். வாயால் ஒத்துக்கொண்டோம், எழுத்தில் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் ஈரோடு பக்கம். உதவி இயக்குநராக இருந்துவிட்டு எழுத்துக்கு வந்தேன். என்னோடு எழுதுகிறவர்கள் இருவர். ஒருவர் மதுரைக்காரர், என்னைவிட மூத்தவர். இன்னொருவர் நாகர்கோவில்காரர், எங்களில் இளையவர். வளசரவாக்கத்தில் மதுரைக்காரர் குடியிருக்கும் மாடி அறைதான் எங்கள் டிஸ்கஷன் ரூம். நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்பதை, எழுதி முடித்துத் தயாரிப்பாளருக்காகக் காத்திருக்கும் ஒரு கதையை வைத்தே சொல்கிறேன். அதைப் படிக்கிறவர்கள் தங்கள் கதைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வேலை: தனித்தனியாக ஒரு பக்கம்

கதை இது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அண்ணன் கந்துவட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் தங்கையின் சனிக்கிழமைச் சம்பளம் அந்த வட்டிக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவள் பணம் அனுப்பவில்லை.

மூவருக்கும் கதை பிடித்திருந்தது. அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை. அவரவர் வீட்டுக்குப் போய் ஒன்லைனை, அதாவது கதையின் சுருக்கத்தை, ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வர வேண்டும், அடுத்தவர் எழுதுவதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தோம். அந்தப் பக்கத்தில் நான்கு விஷயம் இருந்தாக வேண்டும். இது யாருடைய படம், அவருக்கு என்ன வேண்டும், இண்டர்வெல்லில் திரும்பவே முடியாதபடி எது மாறுகிறது, கடைசி ஷாட் யார் முகத்தில் நிற்கிறது.

மதுரைக்காரர் கொண்டுவந்த பக்கத்தில் படம் அண்ணனுடையது. இண்டர்வெல்லில் வட்டிக்காரனின் ஆட்கள் அவனைக் கடைவீதியில் வைத்து அடிக்கிறார்கள். என் பக்கத்தில் படம் தங்கையுடையது. இண்டர்வெல்லில் அவள் சம்பளப் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு போனை அணைத்து வைக்கிறாள். இளையவர் எழுதியதில் அண்ணனும் தங்கையும் கடைசி வரை நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை, எல்லாம் போனில் நடக்கிறது. மூன்றுமே நல்ல படம். மூன்றையும் ஒரே திரைக்கதையில் எழுத முடியாது. இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டால், எழுதித் தீர்த்த பிறகு வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி மிச்சம்.

அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது இளையவருடையதை முதலில் வாசியுங்கள். நம் சினிமாவில் மூத்தவரை 'அண்ணே' என்றோ 'சார்' என்றோதான் கூப்பிடுவோம். அது நல்ல பழக்கம். ஆனால் அண்ணன் ஒரு யோசனை சொன்ன பிறகு தம்பியின் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் "சூப்பர்ணே"தான். தாளில் முன்கூட்டியே எழுதி வந்ததை அப்படி மாற்ற முடியாது. கடைசியில் நாங்கள் எடுத்துக்கொண்டது தங்கையின் படம், ஆனால் இருவரும் சந்திக்காமலே போகும் அமைப்பு இளையவருடையது. அவர் பக்கத்தைக் கடைசியில் வாசித்திருந்தால் அது வெளியிலேயே வந்திருக்காது.

இன்னொன்றும் செய்யுங்கள். எந்தப் படத்தை எழுதவில்லை, ஏன் எழுதவில்லை என்பதையும் இரண்டு வரி எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். விட்டுவிட்ட படம் சும்மா இருக்காது, ஏதாவது ஒரு சீன் வழியாக உள்ளே வரப் பார்க்கும். எங்கள் கதையில் கடைவீதி அடிதடி முதலில் பிளாஷ்பேக்காகத் திரும்பி வந்தது, பிறகு தங்கையின் கனவாக வந்தது. ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு வரியை எடுத்துப் பார்த்தோம். சண்டை ஆளோடு இல்லாமல் தாளோடு முடிந்தது.

கடைசி வார்த்தை யாருடையது

இயக்குநர் அறையில் இருந்தால் கடைசி வார்த்தை அவருடையது. இதைச் சுற்றி வளைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது. படத்தைத் தளத்தில் தூக்கிச் சுமக்கப் போகிறவர் அவர்தான்.

இயக்குநர் இல்லாமல் எழுத்தாளர்கள் மட்டும் எழுதும்போதுதான் சிக்கல். ஓட்டெடுப்பு வேண்டாம் என்பேன். மூன்று பேரில் ரசனை ஒத்துப்போகிற இருவர் எப்போதும் ஒரு பக்கம் நிற்பார்கள். மூன்றாவது ஆள் மெல்ல மெல்லப் பேசுவதையே நிறுத்திவிடுவார். நாங்கள் வைத்திருக்கும் வழக்கம்: முதல் டிராஃப்டில் அந்த சீனை எழுதப் போகிறவர் முடிவே முடிவு. மறுப்பு இருக்கிறவர் அடுத்த சுற்றில் அந்த சீனை எழுதிக் காட்ட வேண்டும். எழுத உட்காரும்போது பாதி மறுப்புகள் தானாகக் கரைந்துவிடும். கரையாத மறுப்பு பெரும்பாலும் சரியான மறுப்பாக இருக்கும்.

டிஸ்கஷனில் பேசுவது

"இது ஓடாது" என்ற பேச்சை எங்கள் அறையில் அனுமதிப்பதில்லை. அதற்குப் பதில் சொல்லவே முடியாது என்பதால்தான். ஒரு சீன் பிடிக்கவில்லை என்றால், எந்த வரியில் உங்களுக்குக் கதை நழுவியது என்று சொல்லுங்கள்.

ஒரு உதாரணம். சூப்பர்வைசர் தங்கையிடம் தப்பாகப் பேச, அவள் எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைகிறாள் என்று மதுரைக்காரர் ஒரு சீன் சொன்னார். கைதட்டல் வாங்கும் சீன். எனக்கு ஒப்பவில்லை. பீஸ் ரேட்டுக்கு, தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்று வேலை பார்க்கிற பெண், வாரக் கடைசியில் கணக்குப் பார்த்துச் சம்பளம் கொடுக்கிற கான்ட்ராக்டர், அந்தக் கான்ட்ராக்டருக்கு வேண்டப்பட்ட சூப்பர்வைசர். அறைந்தால் திங்கட்கிழமை அவளுக்கு மிஷின் இருக்காது. அப்புறம் வட்டிக்குப் பணம் அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வியே படத்தில் மிஞ்சாது. இதை நான் ரசனையாகச் சொல்லியிருந்தால் விடிய விடியப் பேசியிருப்போம். வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னதும் அவரே சீனை மாற்றினார். அவள் அறையவில்லை. அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வந்து, முதல் முறையாக வேறு கம்பெனி கேட்டில் 'ஆள் தேவை' போர்டைப் படிக்கிறாள். கன்னத்தில் அறைவதைவிட அது பெரிய சீன் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இதிலிருந்து ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது. கதை நடக்கும் ஊருக்கு எல்லோரும் சேர்ந்து போங்கள். ஒருவருக்கு மட்டும் ஊர் தெரிந்திருந்தால் அவர் சொல்வதே சட்டமாகிவிடும், மற்றவர்கள் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். திருப்பூர் எனக்குப் பக்கத்து ஊர் என்பதால் நான் சொல்வதை இருவரும் எதிர்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் கம்பெனி வாசல்களில் போய் நின்றோம். சம்பளம் வாங்கியவர்கள் எந்தக் கடைப் பக்கம் நடக்கிறார்கள், யார் யாருக்குப் போன் செய்கிறார்கள் என்று அவரவர் கண்ணால் பார்த்தோம். திரும்பி வந்த பிறகு இளையவர் என் சீனைத் திருத்த ஆரம்பித்தார். அதுதான் வேண்டும்.

பேச்சை முடிக்கும் விதமும் முக்கியம். போனில் ரெக்கார்ட் செய்வதை மட்டும் நம்பாதீர்கள், நாலு மணி நேர ஆடியோவைத் திரும்பக் கேட்கிற பொறுமை யாருக்கும் கிடையாது. கடைசி அரை மணி நேரம் பேச்சை நிறுத்திவிட்டு எழுதுங்கள்: இன்று முடிவானது, முடிவாகாதது, யார் எந்த சீனை எழுதுகிறார்கள், யார் யோசனை எது. அன்று இரவே அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். தேதியோடு அங்கேயே கிடக்கும். எழுதும் பொறுப்பு ஒவ்வொரு நாளும் கை மாறட்டும். இல்லாவிட்டால் இளையவர் நிரந்தரக் குமாஸ்தா ஆகிவிடுவார்.

யார் எதை எழுதுவது

பல வழி இருக்கிறது. ஒருவர் திரைக்கதை, ஒருவர் வசனம் என்று பிரிப்பது நம் பழைய வழக்கம். கிளைக்கதைகள் தனித்தனியாக ஓடும் படம் என்றால் ஆளுக்கொரு கிளை எடுக்கலாம். 2019-இல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் எழுத்துக்குத் தியாகராஜன் குமாரராஜா, மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர் என்று நான்கு பேர் பெயர் இருக்கிறது. அத்தனை கதைகள் பின்னிப் போகும் படத்தில் பல கை இருப்பது பலம்தான்.

எங்களுடையது போல ஒரே கோட்டில் போகும் கதைக்கு நான் சிபாரிசு செய்வது இது. சீன் ஆர்டரைச் சுவரில் ஒட்டி, சேர்ந்து முடிவு செய்யுங்கள். முதல் டிராஃப்டை நீளமான துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று விட்டு ஒரு சீன் என்று பிரிக்காதீர்கள், ஒரு கதாபாத்திரத்தின் மனநிலை பத்துப் பன்னிரண்டு சீன் தொடர்ந்து ஒரே கையில் வளர வேண்டும். இரண்டாவது டிராஃப்டிலிருந்து முழுத் திரைக்கதையும் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். அவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர்கள் கைவைக்கக் கூடாது, ஓரத்தில் குறிப்பு எழுதலாம். அப்புறம் அடுத்தவர் கைக்குப் போகும். கையில் வைத்திருப்பவர் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், தூக்கலாம். தூக்கியதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சீன் காணாமல் போனதைப் படித்துக் கண்டுபிடிக்கிற வலி யாருக்கும் வேண்டாம்.

கெடுவும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டு எழுத்தில் ஒருவர் தாமதம் மற்ற இருவரின் தாமதமும்தான்.

வட்டார மொழி

தமிழில் சேர்ந்து எழுதுகிறவர்களுக்கு வரும் தொல்லை இது, ஆங்கிலத் திரைக்கதைப் புத்தகங்களில் வழி கிடைக்காது. மூன்று ஊர்க்காரர்கள் எழுதினால் ஒரே கதாபாத்திரம் மூன்று ஊர்த் தமிழ் பேசும். எங்கள் உசிலம்பட்டி அண்ணன் பத்தாவது சீனில் "அங்கிட்டுப் போயிருக்கா" என்பான். இளையவர் எழுதிய சீனில் "கேட்டியா மக்கா" என்பான். நான் எழுதினால் என்னை அறியாமல் ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்ளும்.

தங்கை விஷயம் இன்னும் நுட்பமானது. அவள் திருப்பூர் வந்து வருஷக்கணக்காகிறது. சூப்பர்வைசரிடம் "சரிங்ணா" என்பாள். அண்ணனிடம் போனில் பேசும்போது ஊர்ப் பேச்சுக்குத் திரும்பிவிடுவாள். பணம் அனுப்பாத அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, அண்ணனிடமும் திருப்பூர்ப் பேச்சிலேயே பேசுகிறாள். இதை நாங்கள் முன்கூட்டியே திட்டமிடவில்லை, பேச்சைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது கிடைத்தது.

ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஒரு தாள் போடுங்கள். யாரை எப்படிக் கூப்பிடுவார், 'இருக்கிறது' என்பதை எப்படிச் சொல்வார், கோபத்தில் எந்தச் சொல் முதலில் வரும். கடைசியில் வசனம் முழுவதையும் அந்த ஊர்க்காரர் ஒருவர் சத்தமாகப் படித்துத் திருத்தட்டும். அதை மட்டும் பங்கு போடாதீர்கள்.

ஃபைல்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழை யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். ஒருவர் பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் இன்னொருவர் கணினியில் அது கிறுக்கலாகத்தான் திறக்கும். கூகுள் டாக்ஸில் மூவரும் ஒரே ஃபைலைப் பார்க்கலாம், பழைய வடிவங்களும் தேதியோடு இருக்கும். சீனுக்கு எண் மட்டும் போதாது, பெயரும் வையுங்கள். நடுவில் ஒரு சீன் சேர்ந்தால் எண் மாறிவிடும், 'கேட் போர்டு சீன்' மாறாது. டிராஃப்ட் முடியும்போதெல்லாம் ஒரு பிடிஎஃப் எடுத்து, பெயரில் தேதியும் எழுதியவர் பெயரும் போட்டு, எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிடுங்கள்.

பெயரும் பணமும்

நட்பு கெட்டுவிடும் என்று இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பேசாமல் விடுவதால்தான் நட்பு கெடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர் டீலக்ஸ் பிலிம்ஸ் மீது தொடுத்த வழக்கில், கருத்துக்கோ கருப்பொருளுக்கோ கதைக்கருவுக்கோ பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அறையில் நீங்கள் வாயால் சொன்ன அருமையான இண்டர்வெல், எழுதப்படாதவரை உங்களுடையது என்று காட்டுவது மிகக் கடினம். மேலே சொன்ன தினக் குறிப்பை வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கூட்டுப் படைப்பு என்று ஒன்றை வரையறுக்கிறது. இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து உருவாக்கி, ஒருவர் பங்களிப்பை இன்னொருவருடையதிலிருந்து பிரிக்க முடியாமல் இருந்தால் அது கூட்டுப் படைப்பு. கடைசியாக மறையும் எழுத்தாளரின் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் அதற்குப் பதிப்புரிமை உண்டு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். 2012 திருத்தம், திரையரங்கைத் தாண்டிய பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் எழுத்தாளருக்குச் சம பங்கு உண்டு என்கிறது. தயாரிப்பாளருக்கு அதை எழுதிக்கொடுத்துவிட முடியாது. இவை எல்லாம் உங்கள் மூவருக்குமான உரிமை. அதை உங்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்பதை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

முத்திரைத் தாளில் இரண்டு பக்க ஒப்பந்தம் போதும், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். சம்பளத்தில் யாருக்கு எவ்வளவு, ரீமேக், டப்பிங், வெப் சீரிஸ் பணத்தில் யாருக்கு எவ்வளவு, எல்லோர் கையெழுத்தும் இல்லாமல் யாரும் விற்கக் கூடாது, தயாரிப்பாளரிடம் நரேஷன், அதாவது முழுக் கதையும், சொல்லப் போவது யார், டைட்டிலில் பெயர் எந்த வரிசையில் வரும். நாங்கள் எல்லாவற்றையும் சமமாகப் பிரித்தோம், பெயரை அகர வரிசையில் போட்டோம். யார் அதிகம் எழுதினார்கள் என்று பக்கம் எண்ண ஆரம்பித்தால், தூக்கப்பட வேண்டிய சீனைத் தூக்க யாருக்கும் மனசு வராது.

பிறகு பதிவு. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கே கதையைப் பதியலாம். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவும் பதியலாம். எங்கே பதிந்தாலும் மூவர் பெயரிலும் பதியுங்கள். "இப்போதைக்கு என் பேர்ல போட்டுடறேன்" என்று யாராவது சொன்னால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அன்பாக மறுத்துவிடுங்கள்.

உதவி இயக்குநர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மாதக்கணக்கில் டிஸ்கஷனில் உட்கார்ந்து சீன் எழுதிய பிள்ளைகளின் பெயர், 'கதை விவாதம்' என்ற டைட்டில் கார்டில் பத்துப் பெயரோடு பத்தாகப் பறந்துபோவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. யோசனை சொன்னவருக்குக் 'கதை விவாதம்' சரி. சீன் பேப்பர் எழுதியவருக்குத் 'திரைக்கதை'யில் இடம் வேண்டும், 'கூடுதல் திரைக்கதை' என்றாவது. 1973-இல் 'ஜஞ்சீர்' என்ற இந்திப் படம் வந்தபோது போஸ்டரில் பெயர் இல்லை என்று, அதைச் சேர்ந்து எழுதிய சலீம்-ஜாவேத் பம்பாயில் ஒட்டியிருந்த போஸ்டர்களில் தங்கள் பெயரைப் பெயிண்டில் எழுதவைத்தார்கள். எழுத்தாளர் பெயருக்கு மதிப்பு வந்தது அப்படித்தான், கேட்டு வாங்கி. நீங்கள் மூத்தவராக இருந்தால், கேட்க முடியாத இளையவருக்காக நீங்கள் கேளுங்கள்.

ஒருவர் பாதியில் போனால்

போவார்கள். பெரிய படத்தில் அசோசியேட் டைரக்டர் வாய்ப்பு வரும், கல்யாணம் வரும், ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். துரோகம் என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க, இதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எங்கள் ஏற்பாடு இது. போகிறவர் அன்றைய டிராஃப்டின் பிடிஎஃப்பில், தான் எழுதியதும் தன் யோசனையில் வந்ததும் எவை என்று சீன் பெயர்களோடு ஒரு பட்டியல் எழுதுவார். மூவரும் கையெழுத்துப் போடுவோம். முதல் முழு டிராஃப்ட் முடிந்த பிறகு போனால் பெயரும் சமப் பங்கும் அப்படியே இருக்கும். அதற்கு முன்னால் போனால் பெயர் இருக்கும், பங்கு பாதியாகும். மிச்சமிருப்பவர்கள் கதையை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், அவர் தடுக்க முடியாது. அவரும் பட்டியலில் இல்லாத, படத்துக்கு எடுத்துக்கொள்ளாத தன் பழைய யோசனைகளை வேறு கதையில் தாராளமாகப் பயன்படுத்தலாம். முதல் வாரத்தில் அவரவர் எழுதி வந்து, விட்டுவிட்ட அந்த ஒரு பக்க ஒன்லைன் இருக்கிறதல்லவா, அது முழுக்க எழுதியவருக்கே சொந்தம் என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மதுரைக்காரர் இப்போது அந்த அண்ணன் கதையைத் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறார்.